மாடியில் பத்து பிரஷ்கள்

நான் வரைந்த வரைபடத்தைப் பார்த்து எங்கள் பிரிவுத் தலைவர் வேய் எழுந்து நின்று கைதட்டினார். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை. கொசு ஒழிப்புக்கு எங்களுக்குப் பரிசு கிடைத்த அன்றுகூடத் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

"பெய்ஷான், இது வரைபடம் இல்ல, வைத்தியம்!" என்றார்.

எங்கள் துறைமுக ஊரின் ஏழு தொடக்கப்பள்ளிகளில் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் அறுபத்து நான்கு பேர். கவனம் ஓரிடத்தில் நிற்காது, கால் அதைவிட நிற்காது. இவர்களுக்காக வாரம் ஒருமுறை தலைநகரத்திலிருந்து ஒரு மருத்துவரும் இரண்டு பயிற்சியாளர்களும் வர அனுமதி கிடைத்திருந்தது. புதன்கிழமை பள்ளிகள் மதியத்தோடு விட்டுவிடும் என்பதால் புதன் மதியம் இரண்டு மணி என்று வைத்திருந்தோம். பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ கட்டாயம் வர வேண்டும். மூன்று முறை வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அனுமதி ஒரே ஓர் இடத்துக்குத்தான். அது எந்த இடம் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாக வேண்டும்.

பதிவு முகவரிகளைக் கணினியில் கொட்டினேன். அறுபத்து நான்கு சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. அவற்றில் இருபத்தேழு, மேட்டுப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி அம்மை போட்டதுபோல் மொய்த்துக் கிடந்தன. அங்கே இருக்கும் நூலகத்தின் மூன்றாவது மாடிதான் சரியான இடம், இருபத்தேழு பேரும் பதினைந்து நிமிடத்தில் நடந்தே வந்துவிடலாம் என்று கணினி சொல்லிவிட்டது. கீழே துறைமுகத்தில் காலியாகக் கிடக்கும் பழைய படகு டிக்கெட் கூடத்துக்கு ஆறே ஆறு புள்ளிகள்.

"பாத்தியா, மேட்டுல படிப்பு அழுத்தம் ஜாஸ்தி. டியூஷன், டியூஷனுக்கு ஒரு டியூஷன். அதான் அங்க இத்தனை பேரு. இதை அறிக்கையில முதல் பத்தியா போட்டுடு" என்றார் வேய்.

போட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஓர் உறுத்தல். ஒரு புள்ளி எல்லாவற்றையும்விடத் தடியாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஆறாவது சந்து, கதவு எண் பதினான்கு. அடுக்குமாடிக் கட்டடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நூலகத்தையும் பார்த்தாக வேண்டும், போகிற வழியில் அதையும் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தேன்.

பதினான்காம் எண்ணில் அடுக்குமாடி எதுவும் இல்லை. கீழே காலைச் சிற்றுண்டிக் கடை, மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை மாடி. அவ்வளவுதான். மழைக்கோட்டோடு உள்ளே நுழைந்தேன்.

"வா அழகி, என்ன வேணும்?"

கல்லின் முன்னால் நின்ற அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த வழுக்கைத் தலைத் தபால்காரரையும் "வா ஹீரோ, வழக்கம்போலத்தானே?" என்று கூப்பிட்டாள். பெயர் பாவ்லியென் என்று சுவரிலிருந்த உரிமச் சான்றிதழ் சொன்னது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் கரண்டி.

"ஒரு முட்டைச் சுருள், ஒரு சோயா பால். அக்கா, மேல யாரு குடியிருக்காங்க?"

"நானும் என் பூனையும்."

"அவ்வளவுதானா?"

கரண்டி நின்றது. இப்போதுதான் நிமிர்ந்தாள். என் கழுத்தில் தொங்கிய அரசு அடையாள அட்டையைப் பார்த்தாள். ஒரே நொடியில் முகம் மாறியது.

"நானும் பூனையும்… அப்புறம் ஒம்போது பிள்ளைங்க" என்றாள்.

"ஒம்போதா?"

"எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைங்க. எங்க குடும்பத்துல கொஞ்சம் ஜாஸ்தி பெத்துப்பாங்க."

"ஒம்போது பேருக்கும் ஒம்போது குடும்பப் பேரு இருக்கே, அக்கா?"

"பெரிய்ய குடும்பம், அழகி."

தபால்காரர் சோயா பாலை மூக்கால் குடித்துவிட்டு இருமினார். பாவ்லியென் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, "நம்பலைன்னா மேல வந்து பாரு. எப்ப வேணா, யார் வேணா வந்து பாக்கலாம். நான் எப்பவும் தயாரா இருக்கேன்" என்று மாடிப்படியைக் காட்டினாள்.

உண்மையிலேயே தயாராகத்தான் இருந்தாள். மேலே சுவரோரமாக ஒன்பது மெத்தைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. குளியலறை அலமாரியில் ஒன்பது குவளைகள், ஒன்பது பிரஷ்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டிய காகிதம். ஓரத்தில் பத்தாவதாக ஒரு நீல பிரஷ், முடியெல்லாம் நாலாபக்கமும் வளைந்து, பெயர் அழிந்து கிடந்தது.

நான் ஒரு பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா, காலைல ஏழேகால் ஆகுது. ஒம்போது பேர் பல்லு விளக்கியிருக்காங்க. ஒரு பிரஷ்கூட ஈரமில்லையே?"

அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு படீரென்று திறந்தது.

"அத்தை! அத்தை! பையை பஸ்ஸுலயே விட்டுட்டேன்!"

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஒரு சிறுமி மேலே வந்தாள். ஒன்பது வயது, ஒரு காலில் சாக்ஸ், மறுகாலில் இல்லை. என் அட்டையைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள்.

"என் பேரு யூதோங். நான் இங்கதான் தூங்குறேன். என் பிரஷ் மஞ்சள். அத்தை எங்கம்மாவுக்கு அத்தை முறை." மூச்சு விட்டாள். "இன்னிக்குப் பாலத்துல பஸ் நின்னுச்சா, கீழ ஐஸ் ஆலைக்கு வந்த படகுல இவ்ளோ பெரிய சுறா! அம்மா அதைத் தூக்க நாலு பேரைக் கூப்பிட்டாங்க. நான் ஜன்னல் வழியா கத்தினேன், அம்மாவுக்குக் கேக்கல. அதுல பையை மறந்துட்டேன்."

பாவ்லியென் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆறு மாசமா சொல்லிக் குடுத்தேன். முதல் பாதி அருமையா சொன்னே, தங்கம். ரெண்டாவது பாதி யாரு கேட்டா?"

"ஐயோ!" யூதோங் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாகவே, "ஆனா சுறா நிஜம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் பாவ்லியென் என் அட்டையை எட்டிப் படித்தாள்.

"சுகாதார ஆபீஸா? பள்ளி எல்லைச் சோதனைக்காரி இல்லியா நீ?"

"இல்லக்கா."

"அட பாவி! கல்லுல அஞ்சு சுருள் கருகிப் போச்சு உன்னால!"

கீழே உட்கார்ந்து கருகாத சுருளைத் தின்றபடி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். தெரியாத கதையில்லை. நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் யாராவது ஒருவர் வீட்டில் பிள்ளையின் பெயரைப் பதிந்து வைப்பது எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்வது, மீதிப் பாதி அதற்கு வீடு தேடிக்கொண்டிருப்பது. ஆனால் இந்த ஒன்பது பேரின் காரணம் வேறு.

"மத்தவங்க மார்க்குக்காக வருவாங்க. என் பிள்ளைங்க மேட்டுப் பள்ளிக்கூடத்து ஃபாங் டீச்சருக்காக வர்றாங்க. உக்காரவே முடியாத பிள்ளை கையில வருகைப் பதிவேட்டைக் குடுத்து, ஆபீஸுக்குக் கொண்டுபோய்ட்டு வாம்பாங்க. ஒரு நாளைக்கு மூணு வாட்டி. ஆபீஸ்காரங்களும் பெரிய மனுஷங்ககிட்ட வாங்குறாப்ல கையெழுத்துப் போட்டு வாங்கிப்பாங்க. கீழ அவங்க எல்லைப் பள்ளிக்கூடத்துல இதே பிள்ளைங்க வருஷம் பூரா வராந்தாவுலதான் நின்னாங்க" என்றாள் பாவ்லியென்.

"உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"ஒம்போது பேரும் தினம் என் கடையிலதான் சாப்பிடணும். அதான் பேச்சு. ஆளுக்கு ரெண்டு முட்டை!" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எழுதுபொருள் கடைக்காரன் வீட்டுல ஆறு. எதிர்ல முடி வெட்டுற கடையில அஞ்சு. நான்தான் இதுல முன்னோடி."

ஒன்பதும் ஆறும் ஐந்தும் இருபது. இருபத்தேழு புள்ளிகளில் உண்மையிலேயே மேட்டில் தூங்குகிறவர்கள் ஏழே பேர். வேய் கைதட்டிய வரைபடம் என் கண்முன்னே காலியாகிக்கொண்டிருந்தது.

அப்போது மழையில் நனைந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் பள்ளிப் பை. யூதோங்கின் அம்மா ருயிஃபென். துறைமுகத்துக் கடைசி நிறுத்தத்தில் டிரைவர் பையைக் கொடுக்க, ஐஸ் ஆலையில் அரைமணி நேரம் அனுமதி கேட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"இந்த வாரம் இது ரெண்டாவது தடவை, யூதோங்."

"போன வாரம் நாலும்மா. முன்னேறிட்டேன்!"

ருயிஃபென் சிரித்துவிட்டு, நான் யார் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அந்தப் புதன்கிழமை டாக்டர் விஷயம்… மேட்டு நூலகத்துலதான் வைக்கப் போறாங்களாமே, நிஜமா?"

"அப்படித்தான் பேச்சு."

"அப்போ நமக்கு இல்ல" என்றாள், கோபமே இல்லாமல். "புதன் ஒண்ணே முக்காலிலேர்ந்து மூணரை வரைக்கும்தான் எனக்கு விடுவாங்க. நாலு மணிக்கு மீன் ஏலம், ஐஸ் போடணும். இரவல் ஸ்கூட்டர் தினம் கிடைக்காது. பாலத்துல பஸ் மாத்தி மேல வர அம்பது நிமிஷம், போக அம்பது நிமிஷம். தலைநகரத்து ஆஸ்பத்திரியில மூணு வாட்டி வர முடியாம பேரை எடுத்துட்டாங்க. இங்கயும் எடுத்துடுவாங்க."

"டிக்கெட் கூடத்துல வெச்சா?"

"ஐஸ் ஆலையிலேர்ந்து ஆறு நிமிஷம். பூட்ஸைக் கழட்ட ஒரு நிமிஷம்."

நான் வாயைத் திறக்குமுன் பாவ்லியென் கரண்டியை நீட்டினாள். "அழகி, நீ நெனைக்கிறது புரியுது. நிஜ முகவரியை எழுதினேன்னு வெச்சுக்கோ, டாக்டர் ரூம் கீழ வரும். இருபது பிள்ளைங்களோட பள்ளிக்கூடமும் கூடவே கீழ மாறிடும். திரும்ப வராந்தா."

அதுதான் சிக்கல். உண்மையைச் சொன்னால் ஃபாங் டீச்சர் போய்விடுவார். சொல்லாவிட்டால் டாக்டர் போய்விடுவார். அதுவரை பூனையின் வாலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த யூதோங் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"எல்லாரும் எங்கிட்ட வீடு எங்கேன்னுதான் கேக்குறாங்க. எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டா நான் பொய்யே சொல்ல வேணாம்."

சொல்லிவிட்டு மறுபடி மேசைக்கடியில் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மதியத்துக்குள் படிவம் தயார். பெயர் இல்லை, முகவரி இல்லை, முத்திரை குத்த இடம்கூட இல்லை. முத்திரை கேட்காத அரசுப் படிவத்தை நானே அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி: 'புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளையோடு வர வேண்டுமானால் எங்கிருந்து கிளம்புவீர்கள்? பக்கத்து பஸ் நிறுத்தத்தைச் சொன்னால் போதும்.'

ஏழு பள்ளிகளின் நர்ஸுகளுக்கும் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. பேன் தொல்லை, வயிற்றுப்போக்கு, மாமியார் தொல்லை எல்லாம் அதில் ஐந்து நிமிடத்தில் ஊர் சுற்றிவிடும். படிவமும் அப்படியே சுற்றியது. வியாழன் மாலைக்குள் ஐம்பத்தெட்டு திரும்பி வந்தன. அவற்றில் ஒன்பது, முட்டைச் சுருள் வைக்கும் காகிதப் பையில் எண்ணெய்க் கறையோடு வந்தன. 'ஐஸ் ஆலை வாசல்.' 'வலை பின்னுகிற கொட்டகை.' ஒருவர் 'படுக்கையிலிருந்து, ராத்திரி ஷிப்ட்' என்று எழுதிவிட்டுக் கீழே நிறுத்தத்தின் பெயரையும் போட்டிருந்தார். டிக்கெட் கூடத்துக்குப் பதினைந்து நிமிட நடையில் முப்பத்தொரு பேர். மேட்டில் ஏழு பேர்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, கூட்டத்துக்கு ஒருமணி நேரம் முன்னால், புது வரைபடத்தை வேய் மேசையில் வைத்தேன். இந்த முறை கைதட்டல் இல்லை.

"என்ன இது? நாலு நாள்ல ஊரே குடிபெயர்ந்துடுச்சா?"

"இது கிளம்புற இடம் சார்."

"அது?"

"பதிவு முகவரி."

"ரெண்டுல எது பொய்?"

"ரெண்டுமே பொய் இல்ல சார். டாக்டர்கிட்ட வர்றவங்க கிளம்புற இடத்துலேர்ந்துதானே வரணும்?"

"மழுப்பாதே பெய்ஷான். மேட்டுல இருபத்தேழு வீடு இருக்கு. கிளம்புறது ஏழு பேரு. மீதி இருபது பேரும் மதியம் சாப்பிட்டுட்டு மீன் பாக்கவா துறைமுகத்துக்குப் போறாங்க? கூட்டத்துல இதைத்தான் முதல்ல கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அவர் பழைய வரைபடத்தைத் திரையில் திறந்து, நேராக அந்தத் தடிப் புள்ளியின் மேல் போய் அழுத்தினார். முகவரி விரிந்தது. ஆறாவது சந்து, பதினான்கு.

"அது வந்து… அடுக்குமாடி சார்" என்றேன்.

"அடுக்குமாடியா? தகரக் கூரை. மழை பேஞ்சா பேச்சே கேக்காது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"மேல போனியா?"

"போனேன் சார்."

"எத்தனை பிரஷ்?"

"பத்து. ஒம்போது புதுசு. ஒண்ணு ரொம்பப் பழசு, நீலம்."

"முடியெல்லாம் வளைஞ்சு போயிருக்குமே?"

"ஆமா சார்."

"கடிச்சே வளைச்சுட்டான்" என்றார் வேய். "சோதனைக்கு வந்தா காட்டத்தான் வெச்சது. அதையும் கடிச்சான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அப்போ இதுக்கு இப்படியொரு பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் பையன் அடங்க மாட்டேங்கிறான், அவ்வளவுதான் தெரியும். யாரோ ஃபாங் டீச்சரைப் பத்திச் சொன்னாங்க. பாவ்லியென் பேரைப் பதிஞ்சுக்கிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ காலேஜ்ல ரெண்டாவது வருஷம். பையைத் தொலைக்கிறது மட்டும் நிக்கல. அந்தம்மா அந்த பிரஷ்ஷை இன்னும் தூக்கிப் போடலையா?"

"போடல சார்."

"எனக்கு எப்படித் தோணாம போச்சு? புள்ளியைப் பார்த்தேன், வீட்டைப் பாக்கலையே!" அறிக்கையின் முதல் பத்தியை எடுத்தார். படிப்பு அழுத்தம், டியூஷனுக்கு ஒரு டியூஷன். பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "இதை யாரு எழுதினது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"அப்படியா? முட்டாள்தனமா இருக்கு."

பழைய வரைபடத்தின் அச்சுப் பிரதியை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கூட்டத்தில் நூலகக்காரர், "மேட்டுப் பிள்ளைங்க முகவரி எல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். வேய் அசையவில்லை.

"முகவரி சர்க்கார் கடுதாசி போறதுக்கு. பிள்ளை நடந்து வர்றதுக்கு இல்ல. நம்ம கேள்விதான் தப்பு. நல்ல வேளை, நாமே கண்டுபிடிச்சுட்டோம். மேட்டுல இருக்குற ஏழு பேருக்கு நம்ம வேனை அனுப்பலாம். வேற கேள்வி?"

வேறு கேள்வி இல்லை. தன் முத்திரையை வாயால் ஊதி, சிவப்பு மையில் அமுக்கி, டிக்கெட் கூடத்தின் பெயருக்கு நேராக ஓங்கிக் குத்தினார். மேசை ஆடியது.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை கூடம் திறந்தது. மீன் வாடை இருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய வரிசைக் கம்பிகளை எடுக்க வேண்டாம் என்று பயிற்சியாளரே சொல்லிவிட்டார். தொங்கவும் தாண்டவும் அதைவிட நல்ல சாதனம் வாங்க முடியாதாம். பாவ்லியென் கடையை மூடிவிட்டு இரண்டு கூடை நிறையச் சுருளோடு வந்து, மருத்துவரைப் பார்த்து, "வா ஹீரோ, முதல்ல சாப்பிடு, அப்புறம் பிள்ளைங்களைப் பாரு" என்றாள்.

இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ருயிஃபென் வந்தாள். பூட்ஸை வாசலில் கழற்றிக்கொண்டே, "அவ எங்கே?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம் முன்னாடியே வந்தாச்சு" என்றேன்.

"பை?"

நான் வாசல் கொக்கியைக் காட்டினேன். பை இருந்தது. ருயிஃபென் அதை நம்பாமல் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

வருகைப் பதிவேட்டை நான்தான் அச்சடித்திருந்தேன். அதில் முகவரிக்குக் கட்டம் கிடையாது. 'எங்கிருந்து வந்தீர்கள்?' என்று மட்டும் ஒரு கட்டம். வேய் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

முதல் வரியில், கட்டத்தை விட்டு வெளியே வழிந்து, பெரிய பெரிய எழுத்தில் யூதோங் எழுதியிருந்தாள்:

'ஓடி வந்தேன்.'